1619 ஜேம்ஸ்டவுன் சபையின் பதிவைப் படிக்கும் முறை

வட அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கூடிச் சட்டம் இயற்றிய முதல் சபை, 1619 ஜூலை 30 முதல் ஆகஸ்ட் 4 வரை வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் நடந்தது. சபாநாயகர் ஜான் போரி லண்டனுக்கு அனுப்பிய அறிக்கைதான் அதற்கு முதன்மைச் சான்று. சிறிய அறிக்கைதான். ஆனால் 1776-இன் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் அதில் இல்லாததெல்லாம் தெரியும், இருப்பது தப்பிவிடும்.

முதலில் 1609-க்குப் போங்கள். அவ்வாண்டின் அரச சாசனம் ஆளுநருக்கு ஏறக்குறைய முழு அதிகாரம் தந்தது. தொடர்ந்து வந்த இராணுவச் சட்டத்தில் சிறு குற்றங்களுக்கும் மரண தண்டனை உண்டு. அப்படிப்பட்ட இடத்துக்குக் குடியேற ஆள் கிடைப்பது அரிது. வணிக நிறுவனமான வர்ஜீனியா கம்பெனிக்கு ஆளும் முதலும் தேவைப்பட்டன. கம்பெனிக்குள் எட்வின் சாண்டிஸ் தரப்பு 1618-இல் கொண்டுவந்த சீர்திருத்தம் இந்தத் தேவையிலிருந்து பிறந்தது: குடியேறுபவருக்கு நிலம், ஆங்கிலப் பொதுச் சட்டத்தை ஒட்டிய ஆட்சி, ஆண்டுக்கொரு சபை. நிலமும் சபையும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகள். சபையை மட்டும் பிரித்து எடுத்தால் காரணம் புரியாது.

இங்கே பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. 1618 நவம்பர் 18-ஆம் தேதியிட்டு ஆளுநர் ஜார்ஜ் யார்ட்லிக்குத் தந்த உத்தரவை எடுத்து, சபை அமைக்கும் விதியை அதில் தேடுவார்கள். அந்த ஆவணம் பெரும்பாலும் நிலத்தைப் பற்றியது. சபைக்கான தனி ஆணை இன்று நமக்குக் கிடைக்கவில்லை. அதன் வடிவத்தை அறிய 1621 ஜூலை 24 ஆணையைத்தான் பார்க்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறிக்கையைத் தொடங்குங்கள்.

தேதிகளில் கவனம் வேண்டும். இங்கிலாந்தில் அப்போது பழைய நாட்காட்டி. இன்றைய கணக்குக்குப் பத்து நாள் பின்தங்கியது, ஆண்டும் மார்ச் 25-இல்தான் பிறக்கும். ஆகவே ஜனவரி முதல் மார்ச் 24 வரையுள்ள ஆவணங்களில் முந்தைய ஆண்டின் எண் இருக்கும். எழுத்திலும் யு-வும் வி-யும், ஐ-யும் ஜே-யும் இடம் மாறி வரும். வாய்விட்டுப் படித்தால் சொல் பிடிபடும்.

அடுத்து உறுப்பினர் பட்டியல். ஆளுநர், ஆலோசனைக் குழுவினர், பதினொரு குடியிருப்புகளிலிருந்து தலா இருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 22 பர்ஜஸ்கள், அதாவது பிரதிநிதிகள். எல்லோருக்கும் ஒரே அவைதான். பர்ஜஸ்களின் தனி அவை 1643-இல்தான் வந்தது. 1619 சபையையே ‘பர்ஜஸ் அவை’ என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. யாருக்கு வாக்கு இருந்தது என்பதை அறிக்கை விளக்கவில்லை. ‘எல்லா ஆண்களும் வாக்களித்தனர்’ என்று உங்கள் குறிப்பில் எழுதிவிடாதீர்கள்.

பட்டியலோடு நிற்காமல், முதல் நாள் எழுந்த தகராறை வரி வரியாகப் படியுங்கள். அறிக்கையிலேயே கனமான பகுதி அதுதான். ஜான் மார்ட்டின் என்பவரின் நிலப் பட்டயம், குடியேற்றத்தின் சட்டங்கள் அவரைக் கட்டுப்படுத்தாது என்று விலக்கு அளித்திருந்தது. கட்டுப்படாதவர்களின் பிரதிநிதிகள் மற்றவர்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை எப்படி இயற்றலாம்? சபை கேட்டது இதைத்தான். மார்ட்டின் விலக்கை விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய இரு பிரதிநிதிகளும் உட்கார முடியவில்லை. தன் உறுப்பினர் யார் என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமை நாடாளுமன்றத்தின் உயிர்நாடி. கூடிய முதல் நாளிலேயே அதைச் சபை கையில் எடுத்துக்கொண்டது.

சட்டங்களை இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள்: லண்டன் உத்தரவிலிருந்து எடுத்தவை ஒரு பக்கம், உறுப்பினர்கள் தாமே முன்வைத்தவை மறுபக்கம். சோம்பல், சூதாட்டம், குடி, ஆடம்பர உடை ஆகியவற்றுக்கு எதிரான விதிகள். ஆண்டுதோறும் ஆறு மல்பெரி மரம் நடும் கடமை. முதல்தரப் புகையிலை பவுண்டுக்கு 3 ஷில்லிங், இரண்டாம் தரம் 18 பென்ஸ் என்ற விலை. சபையை நடத்தியவர்களின் ஊதியத்துக்காக 16 வயதுக்கு மேற்பட்ட ஆண் ஒவ்வொருவருக்கும் ஒரு பவுண்டு புகையிலை விதிக்கப்பட்டது. இந்த இடத்தை அடிக்கோடிடுங்கள். வரி விதிக்கும் அதிகாரம் பின்னாளில் எல்லாச் சச்சரவுக்கும் மையமாகும்.

இச்சபை நீதிமன்றமாகவும் நடந்தது. கேப்டன் பவலின் வேலையாளான தாமஸ் கார்னெட்டுக்கு நான்கு நாள் காதுகளை ஆணியறைந்து தண்டனைக் கட்டையில் நிறுத்தி, நாள்தோறும் சவுக்கடி கொடுக்கத் தீர்ப்பாயிற்று. குற்றம் சாட்டிய எசமானர் பவல் அதே அவையில் பர்ஜஸ். பிரதிநிதித்துவம் யாருக்கு, யார்மேல் என்று கேட்க இந்த ஒரு வழக்கே போதும். அப்பகுதியின் பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்களைப் பற்றிச் சபை விதிகள் இயற்றியது. அவர்கள் சார்பில் பேச அங்கே ஒருவரும் இல்லை. அதே ஆகஸ்ட் இறுதியில், சிறைப்பிடிக்கப்பட்ட இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாக் கரையின் பாயிண்ட் கம்ஃபர்ட்டில் இறக்கப்பட்டார்கள். இவ்விரண்டையும் அடிக்குறிப்பில் தள்ளாமல் அதே காலவரிசையில் எழுதுங்கள்.

பிறகு இறுதி அதிகாரத்தைத் தேடுங்கள். சபையின் சட்டத்தை நிராகரிக்கக் கம்பெனியால் முடியும். அறிக்கையின் முடிவில் சபை ஒரு வேண்டுகோள் வைக்கிறது: கம்பெனியின் உத்தரவுகளை ஏற்கவோ தள்ளவோ தங்களுக்கும் அதிகாரம் வேண்டும். 1624-இல் கம்பெனியின் சாசனம் ரத்தாகி வர்ஜீனியா அரசரின் நேரடி ஆட்சிக்கு வந்தபோது சபையின் சட்டப்பூர்வ நிலை ஊசலாடியது. ஆண்டுச் சபைக்கு அரச ஒப்புதல் 1639-இல்தான் உறுதியானது. 1619-லிருந்து நேர்கோடு போடாதீர்கள்.

கடைசியாக, வேறு குடியேற்றங்களோடு ஒப்பிடுங்கள். யார் கூட்டினார், யார் தேர்ந்தெடுத்தார், யார் நிராகரிக்கலாம், எது தகுதி என்ற நான்கு கேள்விகள் போதும். 1620 மேஃப்ளவர் ஒப்பந்தம் 41 ஆண்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கை, தேர்ந்தெடுத்த சபை அல்ல. பெர்முடாவிலும் 1620-இலேயே சபை கூடியது. அதன் பின்னணியிலும் ஒரு வணிகக் கம்பெனிதான். மாசச்சூசெட்ஸில் 1631 முதல் திருச்சபை உறுப்பினருக்கே குடியுரிமை. வரி பற்றி அங்குள்ள வாட்டர்டவுன் என்ற ஊர் 1632-இல் முணுமுணுத்தபின், 1634-இல் ஊர்கள் பிரதிநிதிகளை அனுப்பத் தொடங்கின. கனெக்டிகட்டின் ஆட்சிமுறையை வகுத்த அடிப்படை ஆணைகளில் 1638 என்றும் 1639 என்றும் இரு ஆண்டுகள் காணப்படும். ஜனவரி 14-இல் ஏற்கப்பட்டதே காரணம். அதில் ஒருவர் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆளுநராக முடியாது என்ற விதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைய வர்ஜீனியாவில் ஆளுநர் தேர்தலே கிடையாது.