டேப் ரெக்கார்டரின் ரப்பர் பாகங்கள்: சுத்தம் செய்வதும் மாற்றுவதும்

பரணில் கிடந்த கேசட் பிளேயர் ஓடவில்லை என்றால் உடனே போர்டைச் சந்தேகிக்க வேண்டாம். பெரும்பாலும் பழுது ரப்பரில்தான் இருக்கும். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் ரீல் அசையவில்லையென்றால் பெல்ட் போயிருக்கும். பாட்டு இழுத்து இழுத்து அலைபாய்ந்தால் பிஞ்ச் ரோலரோ (கேப்ஸ்டன் என்ற சுழலும் உலோகக் கம்பியோடு டேப்பை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளை), தளர்ந்த பெல்ட்டோ காரணம். டேப்பைத் தின்றால், சுற்றி எடுக்கும் ரீலை ஓட்டும் ஐடிலர் டயர் என்ற ரப்பர் வளையம் வழுக்குகிறது: கேப்ஸ்டன் டேப்பைத் தள்ளிக்கொண்டே இருக்க, அந்தப் பக்கம் அதை வாங்கிச் சுற்ற ஆளில்லை.

முதலில் பிஞ்ச் ரோலர். அதன் மேல் படியும் பழுப்புக் கறை, டேப்பிலிருந்து உதிர்ந்த ஆக்சைடு. கேசட் போடாமல், மூடியைத் திறந்து பிளே பட்டனை அழுத்தினால், பியானோ கட்டைபோல் அழுத்தும் பட்டன் உள்ள பிளேயர்களில் ரோலர் தானாகச் சுற்றும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரில் இயர் பட்ஸை நனைத்து, பிழிந்து, ரோலர் கேப்ஸ்டனை விட்டு வெளியே வரும் பக்கத்தில் பிடியுங்கள். உள்ளே போகும் பக்கத்தில் பிடித்தால் பஞ்சு இழை கம்பியில் சுற்றிக்கொள்ளும். பஞ்சில் பழுப்பு வராத வரை பட்ஸை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு வெறும் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

டேப்பைப் படிக்கும் ஹெட்டுக்கும் கேப்ஸ்டன் கம்பிக்கும் 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சரி. ரப்பரில் அதைத் திரும்பத் திரும்பப் பூசினால் காய்ந்து இறுகும்; கறை விடாப்பிடியாக இருந்தால் மட்டும் ஒருமுறை தொட்டுத் துடைக்கலாம். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் பக்கமே போகக் கூடாது. கை கழுவும் சானிடைசரும் வேண்டாம். அதிலுள்ள கிளிசரின் வழுக்கும் படலமாகத் தங்கிவிடும்.

ரோலர் கண்ணாடிபோல் பளபளத்தாலோ, வெடிப்பு இருந்தாலோ மாற்றுவதே நல்லது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் உருளை வடிவம் கெட்டு, டேப் மேலோ கீழோ ஏறி ஓரம் மடங்கும். ஐடிலர் டயருக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. 600 நம்பர் தாளால் லேசாக ஒரு சுற்று தேய்த்துத் தூசியைத் துடைத்தால் பிடிப்பு திரும்பும். ஆனாலும் இது தற்காலிகம்தான்.

பெல்ட் மாற்றுவதில்தான் தவறுகள் அதிகம். கழற்றும் முன் அது ஓடும் பாதையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சில பெல்ட்டுகள் தார்போல உருகி ஒட்டியிருக்கும். கையுறை போடுங்கள், துணியில் பட்டால் போகாது. பட்ஸில் ஆல்கஹால் தொட்டு ஃப்ளைவீலையும் (கேப்ஸ்டனோடு சுற்றும் கனமான சக்கரம்) புல்லியையும் (பெல்ட் ஓடும் சிறு சக்கரம்) உலோகம் தெரியும்வரை துடைக்க வேண்டும். மோட்டார் புல்லியில் கொஞ்சம் பிசின் தங்கினாலும் அதன் சுற்றளவு கூடி வேகம் ஏறிவிடும்.

பழைய பெல்ட் நீண்டிருக்கும், அதை நம்பி அளவெடுக்காதீர்கள். பாதை முழுவதும் நூலைச் சுற்றி அளந்து, அதில் 5% குறையுங்கள். நூல் 240 மில்லிமீட்டர் என்றால் பெல்ட்டின் சுற்றளவு 228, விட்டம் சுமார் 73. கடையில் கேட்கும்போது அகலமும் தடிமனும் சேர்த்துச் சொல்லுங்கள். இறுக்கமாக இருந்தால் நல்லது என்று சின்னதாக வாங்கினால் மோட்டார் பேரிங் தேயும். ரப்பர் பேண்ட் போடவே வேண்டாம். அதன் தடிமன் சீராக இருக்காது, பாட்டு ஆடும்.

கடைசியாக வேகம். கேசட்டின் வேகம் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். 3150 ஹெர்ட்ஸ் பதிந்த டெஸ்ட் கேசட்டை ஓட்டி, போனில் ஒலியின் அதிர்வெண் காட்டும் செயலியைத் திறந்து பாருங்கள். 3100 காட்டினால் ஏறக்குறைய 1.6% மெதுவாக ஓடுகிறது. பல மோட்டார்களின் பின்புறம் சிறு துளைக்குள் வேகத் திருகு இருக்கும். மயிரிழை அளவு திருப்பி, சில விநாடி பொறுத்து, மறுபடி பாருங்கள்.

இன்னொன்று: பிளே பட்டன் அழுந்தியிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடாதீர்கள். கேப்ஸ்டன் ஒரே இடத்தில் அழுத்திக் கிடந்தால் ரோலரில் பள்ளம் விழும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் பாட்டு ஒருமுறை தடுக்கும். அந்தப் பள்ளத்தை எந்தத் துடைப்பும் சரிசெய்யாது.