"யாழ்ப்பாணம்" பதினொன்றா, ஆறா? செய்நிரல் கையேட்டில் பிழை திருத்தும் முறை

கொக்குவிலில் உயர்தரம் படிக்கும் ஒரு தங்கச்சி போன மாதம் தன் மடிகணினியை என் பக்கம் திருப்பினாள். பைதன் என்ற நிரல்மொழியின் லென் (len) சார்பு, சரத்தில் (அதாவது நாம் கொடுக்கும் உரைத்துண்டில்) உள்ள எழுத்துகளின் எண்ணிக்கையைத் தரும் என்று ஒரு தமிழ்க் கையேடு சொல்கிறது. அவள் "யாழ்ப்பாணம்" என்று கொடுத்திருக்கிறாள், விடை 11. விரல் மடக்கி எண்ணினால் ஆறுதான்.

"அண்ணா, நான் எங்கே பிழை விட்டேன்?"

பிழை கையேட்டில் இருந்தது. தமிழில் படிக்க வரும் பிள்ளை தன்னையே சந்தேகிக்கும்படி ஒரு விளக்கம் இருக்கக் கூடாது. அன்றே உட்கார்ந்து திருத்தினோம்.

முதலில், எடுத்துக்காட்டை நீங்களே தட்டச்சு செய்து இயக்குங்கள். எந்தப் பதிப்பு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏழை இரண்டால் வகுத்தால் பைதன் 2 தரும் விடை 3. பைதன் 3 தருவது 3.5. பைதன் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டாலும் அந்தக் காலத்துக் குறிப்புகள் இன்னும் கைமாறுகின்றன.

இரண்டாவது, காரணத்தைப் பிடியுங்கள். இதில் அவசரப்படாதீர்கள். அந்தச் சரத்தை லிஸ்ட் சார்புக்குள் கொடுத்தோம். ய, அரவு (ா), ழ, குற்று (்), ப, குற்று, ப, அரவு, ண, ம, குற்று என்று துண்டு துண்டாக வந்து விழுந்தது. எண்ணிப் பாருங்கள், பதினொன்று. லென் எண்ணுவது யூனிகோட் குறியீட்டுப் புள்ளிகளை, அதாவது ஒவ்வொரு குறிக்கும் கணினி வைத்திருக்கும் எண்களை. நாம் எழுத்து என்று சொல்வதை அல்ல. "யா" நமக்கு ஓரெழுத்து, பைதனுக்கு இரண்டு.

மூன்றாவது, மூலக் கோப்பைத் தேடுங்கள். பெரும்பாலான கையேடுகள், பலர் சேர்ந்து நிரல்களையும் ஆவணங்களையும் திருத்தும் கிட்ஹப் தளத்தில் இருக்கின்றன. பைதனின் அதிகாரபூர்வ ஆவணங்களும் அங்கேதான், பைதனின் மூல நிரல் இருக்கும் சிபைதன் களஞ்சியத்தின் டாக் (Doc) கோப்புறையில். கோப்பைத் திறந்து பென்சில் படத்தை அழுத்தினால் உங்கள் கணக்கில் ஒரு நகல் உருவாகும்.

அந்த நகலில் பிழையான வரியை மட்டும் மாற்றுங்கள். பக்கத்து வரியின் இடைவெளியைச் சரிசெய்யக் கை துறுதுறுக்கும், விட்டுவிடுங்கள். சரிபார்ப்பவர் உங்கள் திருத்தத்தைத் தேடி அலையக் கூடாது. நாங்கள் "எழுத்துகளின்" என்பதை "யூனிகோட் குறியீட்டுப் புள்ளிகளின்" என்று மாற்றி, கீழே "யாழ்ப்பாணம்" எடுத்துக்காட்டைச் சேர்த்தோம். எடுத்துக்காட்டு மூன்று அம்புக்குறிகளுக்குப் பின் எழுதப்பட்டிருந்தால், பைதனோடு வரும் டாக்டெஸ்ட் என்ற சோதனைக் கருவி அதை இயக்கி, எழுதிய விடையோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடும்.

திருத்தத்தை ஏற்கும்படி கோரிக்கையாக (pull request) அனுப்பும்போது மூன்று வரி போதும்: கையேடு என்ன சொல்கிறது, இயக்கினால் என்ன வருகிறது, எந்தப் பதிப்பு. எழுதியவரைக் குறை சொல்லும் சொல் ஒன்றும் வேண்டாம்.

இரண்டு நாளில் கையேட்டைப் பராமரிப்பவரிடமிருந்து பதில் வந்தது. இன்னும் சிறிய சொல் ஒன்றையும் சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். தங்கச்சி "அம்மா"வைத் தெரிவுசெய்தாள். அ, ம, குற்று, ம, அரவு: ஐந்து. புதிய கோரிக்கை திறக்காமல் முதல் திருத்தம் இருந்த அதே கிளையிலேயே (branch) சேர்த்து அனுப்பினாள்.