'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்றால் ஆர்வமில்லாதவரா?

ஒரு நீதிபதியை 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், அதை 'ஆர்வமில்லாத நீதிபதி' என்று புரிந்துகொள்கிறவர்கள் நிறையப் பேர். பாராட்டு அப்படியே பழிச்சொல்லாகிவிடுகிறது. வழக்கில் தனக்கென்று எந்த லாபமும் இல்லாதவர், அதனால் அவர் தீர்ப்பை நம்பலாம் என்பதே அங்கே பொருள்.

குழப்பம் 'இன்ட்ரஸ்ட்' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. பேச்சில் அதை ஆர்வம் என்ற பொருளில் சொல்கிறோம். ஆனால் வங்கியில் அதே சொல் வட்டி. ஆதாயம், பங்கு, உரிமை என்ற பொருள்களும் அதற்கு உண்டு. டிஸ்இன்ட்ரஸ்டட் என்ற சொல் மறுப்பது இந்த ஆதாயத்தைத்தான். ஆர்வம் இல்லை என்று சொல்ல 'அன்இன்ட்ரஸ்டட்' இருக்கிறது. நல்ல நீதிபதி முதல் வகையாக இருக்க வேண்டும். இரண்டாம் வகையாக இருந்தால் வாதத்தைக் கேட்காமல் தூங்கிவிடுவார்!

'உங்கள் வேலைவாய்ப்பில் நான் டிஸ்இன்ட்ரஸ்டட்' என்று கடிதம் எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. இதைப் பிடிக்க ஒரு எளிய வழி: சொல்லுக்குப் பின்னால் ஆங்கில 'இன்' (in) போட்டு ஒரு பொருளைச் சேர்க்கத் தோன்றினால், பெரும்பாலும் உங்களுக்குத் தேவை அன்இன்ட்ரஸ்டட். டிஸ்இன்ட்ரஸ்டட் பெரும்பாலும் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும்: சாட்சி, ஆலோசனை, அன்பு. உயில் விஷயத்தில் அப்படிப்பட்ட சாட்சி என்றால், அந்த உயிலால் எதுவும் பெறாதவர். அன்போடு வந்தால் தன்னலமற்ற அன்பு.

'இம்பார்ஷியல்' (பாரபட்சமற்றவர்) என்பதும் டிஸ்இன்ட்ரஸ்டட் என்பதும் ஒன்றேதான் என்று நினைப்பது நுட்பமான தவறு. தன் பிள்ளையும் கலந்துகொள்ளும் போட்டிக்கு நடுவராக இருக்கும் தாய், ஓரவஞ்சனை இல்லாமல் மதிப்பெண் போடலாம். அப்போது அவர் இம்பார்ஷியல். ஆனால் டிஸ்இன்ட்ரஸ்டட் ஆக முடியாது. அவர் பிள்ளை களத்தில் இருக்கிறதே.

சரி, அகராதியில் 'ஆர்வமற்ற' என்ற பொருளும் இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். 17ஆம் நூற்றாண்டிலிருந்தே அந்தப் பொருளும் வழங்கி வருகிறது. அன்இன்ட்ரஸ்டட் ஒரு காலத்தில் நடுநிலையைக்கூடக் குறித்தது. ஆகவே பிறர் அப்படி எழுதினால் திருத்தப் பாய வேண்டாம். ஆனால் ஒப்பந்தம், தீர்ப்பு, பரிந்துரைக் கடிதம் போன்றவற்றை நீங்கள் எழுதும்போது ஆதாயமின்மைக்கு மட்டும் இந்தச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். படிப்பவர் இரண்டாகப் புரிந்துகொள்வார் என்று தோன்றினால், 'இதில் இவருக்கு ஆதாயம் எதுவும் இல்லை' என்று விரித்தே எழுதிவிடலாம்.