வேறு பட்டம் படித்துவிட்டு எம்சிஏ சேருகிறவர்களுக்கு: முதல் செமஸ்டரில் அரியர் விழாமல் இருக்க

பி.எஸ்சி. இயற்பியல், பி.காம்., பி.ஏ. பொருளாதாரம் என்று ஏதோ ஒரு பட்டம் கையில் இருக்கிறது; இனி கணினித் துறைதான் என்று முடிவெடுத்தாகிவிட்டது. தமிழ்நாட்டில் இதற்கென்றே நெடுங்காலமாக இருக்கும் வழி எம்சிஏ என்ற கணினிப் பயன்பாட்டு முதுநிலைப் பட்டம். பல கல்லூரிகளில் எம்.எஸ்சி. கணினி அறிவியலுக்கு இளநிலையிலேயே கணினிப் பாடம் கேட்பார்கள். பிஜிடிசிஏ என்பது பட்டத்துக்குப் பின் படிக்கும் ஓராண்டு கணினி டிப்ளமோ. முதுநிலைப் பட்டம் கேட்கும் இடத்தில் அது செல்லாது.

எம்சிஏ முன்பு மூன்றாண்டுப் படிப்பு. முதலாண்டு முழுக்க அடிப்படைப் பாடங்கள் ஓடும். வேறு துறையிலிருந்து வந்தவர்கள் அதற்குள் கை பழகிவிடுவார்கள். 2020-21 முதல் ஏஐசிடிஇ (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) அதை இரண்டாண்டாகக் குறைத்தது. அடிப்படைகள் பிரிட்ஜ் கோர்ஸாக, அதாவது துறை மாறி வருகிறவர்களுக்கான கூடுதல் வகுப்பாக, ஓரத்துக்குப் போய்விட்டன. துறை மாறி வருகிறவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே மேம்பட்ட தரவு அமைப்புகள் (தரவை நினைவகத்தில் அடுக்கிவைக்கும் முறைகள்) வந்துவிடும். பிரிட்ஜ் வகுப்பில் சி மொழியில் அரே (மதிப்புகளை வரிசையாக வைப்பது) என்றால் என்னவென்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வகுப்பில் ட்ரீயை (மதிப்புகளைக் கிளை கிளையாக வைப்பது) சமன்செய்யச் சொல்வார்கள். மூளை போதாமல் யாரும் அரியர் வைப்பதில்லை. இரண்டும் ஒரே வாரத்தில் வந்து விழுவதால்தான் வைக்கிறார்கள். அதனால் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய மாதங்களே முக்கியம்.

முதலில் தகுதி

பட்டத்தில் 50 விழுக்காடு, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும் இடங்களில்தான் பலர் மாட்டுகிறார்கள். வணிகக் கணிதம், புள்ளியியல், துணைப்பாடமாகப் படித்த கணிதம் என்று உங்கள் மதிப்பெண் பட்டியலில் என்ன பெயர் அச்சாகியிருக்கிறதோ, அதை அந்த ஆண்டின் தகவல் கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் பொருந்தாவிட்டால் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். "பரவாயில்லை, எடுத்துக்கொள்வார்கள்" என்ற வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் அது உதவாது.

டான்செட்டா, நிம்செட்டா?

இரண்டும் எம்சிஏ நுழைவுத் தேர்வுகள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கான டான்செட்டை நடத்துவது அண்ணா பல்கலைக்கழகம். 100 கேள்வி, இரண்டு மணி நேரம். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். அந்த மதிப்பெண்ணை வைத்து நடக்கும் எம்சிஏ கவுன்சிலிங்கைக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி நடத்துகிறது. கணினி அடிப்படைக் கேள்விகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். இருமம், பதினறுமம், லாஜிக் கேட் இவற்றைப் பத்து நாள் உட்கார்ந்து போட்டுப் பழகினால் ஓரளவு மதிப்பெண் உறுதி. கணக்கிலும் தர்க்கத்திலும் நேரம் வைத்துப் பழகுங்கள். குறைந்தது எட்டு பழைய வினாத்தாள்களை 120 நிமிட அலாரம் வைத்து, இடையில் எழுந்திருக்காமல் எழுதிப் பார்க்க வேண்டும்.

திருச்சி என்ஐடி (தேசிய தொழில்நுட்பக் கழகம்) போன்ற இடங்களுக்கு நிம்செட். அதில் 120 கேள்வி, மொத்தம் 1000 மதிப்பெண். அதில் 600 கணிதத்துக்கு. ஒரு கணிதக் கேள்விக்கு 12 மதிப்பெண், தவறானால் 3 போகும். பட்டத்தில் 60 விழுக்காடும், கணிதமோ புள்ளியியலோ ஒரு பாடமாக இருப்பதும் கேட்பார்கள். பி.எஸ்சி. கணிதம், இயற்பியல் படித்தவர்கள் துணிந்து எழுதலாம். பி.காம்., பி.ஏ. படித்தவர்கள் டான்செட்டிலும், தனியாகச் சேர்க்கை நடத்தும் பல்கலைக்கழகங்களிலும், கலை அறிவியல் கல்லூரிகளிலும் கவனம் வைப்பது நல்லது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல் மூன்று கேள்வி கேளுங்கள். போன பேட்சில் கணினி அல்லாத பட்டதாரிகள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் முதல் செமஸ்டரை அரியர் இல்லாமல் முடித்தார்கள்? பிரிட்ஜ் கோர்ஸுக்குத் தனி லேப் நேரம் உண்டா? துறைத்தலைவரை விட இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டால் உண்மை சீக்கிரம் வரும்.

சேருவதற்கு முன் பதினாறு வாரம்

ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். அதில் முக்கால் பங்கு கையால் தட்டச்சு செய்து ஓட்டிப் பார்ப்பதாக இருக்க வேண்டும். வீடியோவைப் பார்த்துத் தலையாட்டுவது படிப்பில் சேராது.

முதல் ஆறு வாரம் சி மொழி. பைத்தான் எளிதுதான், ஆனால் அதைச் செமஸ்டருக்குள் பிடித்துக்கொள்ளலாம். நினைவகம், முகவரி, பாயின்டர் (முகவரியை வைத்திருக்கும் மாறி) மூன்றும் சி-யில்தான் கண்ணுக்குத் தெரியும். அவை தெரியாமல் தரவு அமைப்பு நடத்தினால் ஒன்றும் ஏறாது.

புதியவர்களைத் திணறடிக்கும் பிழை ஒன்றைப் பாருங்கள். 1 முதல் 5 வரை அச்சிட ஃபார் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) எழுதுகிறீர்கள். பழக்கதோஷத்தில் ஃபார் வரியின் முடிவிலேயே ஓர் அரைப்புள்ளி வைத்துவிட்டீர்கள். நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் பிழை சொல்லாமல் விட்டுவிடலாம். ஓட்டினால் திரையில் 6 என்று ஒரே ஓர் எண் வந்து நிற்கும். காரணம், அந்த அரைப்புள்ளியோடு லூப் முடிந்துவிட்டது. அது வெறுமனே ஐந்து சுற்று சுற்றி, எண் 6 ஆனதும் வெளியே வந்தது. அச்சிடும் வரி அதன்பிறகு ஒருமுறை ஓடியது. இப்படி விடை கோணலாக வந்தால் நிரலை அழித்து மறுபடி எழுதாதீர்கள். தாளில் ஒரு கட்டம் போடுங்கள்: முதல் பத்தியில் வரி எண், அடுத்ததில் ஒவ்வொரு மாறியின் மதிப்பு, கடைசியில் திரையில் வருவது. வரி வரியாக நீங்களே கணினி போல ஓட்டிப் பாருங்கள். டிரை ரன் என்பது இதுதான். தேர்வுத் தாளிலும், வைவாவிலும், நேர்முகத்திலும் கேட்பது இந்தத் திறமையைத்தான்.

அடுத்த ஐந்து வாரம் தரவு அமைப்புகள்: அரே, லிங்க்டு லிஸ்ட், ஸ்டாக், கியூ, பைனரி ட்ரீ. லிங்க்டு லிஸ்டில் நிறைய நேரம் செலவிடுங்கள். 10, 20, 30 என்று மூன்று பெட்டிகள். ஒவ்வொன்றும் அடுத்ததன் முகவரியை வைத்திருக்கிறது. நடுவிலுள்ள 20-ஐ நீக்க வேண்டும். முதலில் 10-இன் அம்பை 30-க்குத் திருப்பி, பிறகுதான் 20-ஐ விடுவிக்க வேண்டும். வரிசை மாறி 20-ஐ முதலில் விடுவித்தால் 30-இன் முகவரியும் அதோடு போய்விடும். அது எழுதியிருந்தது 20-க்குள்தானே. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. விடுவித்த நினைவகத்தில் பழைய மதிப்பு சற்று நேரம் அப்படியே கிடக்கலாம். வீட்டில் சரியாக ஓடிய நிரல் தேர்வு நாளில் லேபில் நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு செயலுக்கும் பெட்டி, அம்பு படம் வரைந்த பிறகே விசைப்பலகையைத் தொடுங்கள்.

ரிகர்ஷன் (ஒரு செயற்கூறு தன்னையே மறுபடி அழைப்பது) வரும்போது கணிதப் பட்டதாரிகளுக்கு ஒரு சௌகரியம்: தொகுத்தறி முறை தெரிந்தவருக்கு அது பழகிய தடம். நிற்குமிடம் எழுத மறந்தால் மட்டும், ஸ்டாக் நிரம்பி நிரல் விழுந்துவிடும்.

அடுத்த மூன்று வாரம் எஸ்க்யூஎல், அதாவது தரவுத்தளத்தைக் கையாளும் மொழி. பி.காம். படித்தவர்கள் இங்கே தைரியமாக இருக்கலாம். ஒவ்வொரு பில்லிலும் வாடிக்கையாளர் முகவரியை எழுதிவைத்தால், அவர் வீடு மாறும்போது முந்நூறு பில்லைத் திருத்த வேண்டும். முகவரியை ஓரிடத்தில் வைத்து பில்லில் வாடிக்கையாளர் எண்ணை மட்டும் குறித்தால் வேலை முடிந்தது. நார்மலைசேஷன் என்று பக்கம் பக்கமாகப் போவதன் சாரம் இதுவே. அடிக்கடி நடக்கும் தவறு, இரு அட்டவணைகளைச் சேர்க்கும் ஜாயினில் எந்த வரி எதோடு பொருந்தும் என்ற நிபந்தனையை விட்டுவிடுவது. 60 மாணவர், 6 பாடம் என்ற இரு அட்டவணையை நிபந்தனை இல்லாமல் சேர்த்தால் 360 வரி கொட்டும். வரி எண்ணிக்கை இப்படிப் பெருக்கல் கணக்காக வந்தால் முதலில் அந்த நிபந்தனையைத் தேடுங்கள்.

கடைசி இரண்டு வாரம் ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் அடிப்படைகள். பெயர்கள் பழகினால் போதும், ஆழம் வகுப்பில் வரும்.

லேப்டாப்புக்கு 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி போதும். கிராபிக்ஸ் கார்டுக்குக் கடன் வாங்காதீர்கள்.

சேர்ந்த பிறகு

முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது: பிரிட்ஜ் பாடங்களில் தேர்ச்சி கட்டாயமா, அந்த மதிப்பெண் கிரேடு சராசரியில் சேருமா? "அது சும்மா பேருக்கு" என்று சீனியர் சொன்னதை நம்பி விட்டவர்கள் கடைசி செமஸ்டரில் ஓடுவார்கள். லேப் ரெக்கார்டை அந்தந்த வாரமே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிசிஏ (கணினி இளநிலைப் பட்டம்) முடித்துவந்த ஒருவரோடு சேர்ந்து படியுங்கள். அவருக்குக் கணக்கும் புள்ளியியலும் நீங்கள், உங்களுக்கு நிரல் அவர்.

பிளேஸ்மெண்ட் வரும் பல நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு முதல் எம்சிஏ வரை எல்லாவற்றிலும் 60 விழுக்காடும், நிலுவையில் அரியர் இல்லாமல் இருப்பதையும் கேட்கும். பழைய மதிப்பெண்ணை மாற்ற முடியாது. குறைவாக இருந்தால், மதிப்பெண் பாராமல் நிரலெழுதும் தேர்வு வைத்து எடுக்கும் சிறிய நிறுவனங்களை மூன்றாம் செமஸ்டரிலேயே தேடத் தொடங்குங்கள்.

புராஜெக்ட்டுக்கு நூலக மேலாண்மை, மருத்துவமனை மேலாண்மை என்று கடையில் விற்பதை வாங்கிக் கட்டாதீர்கள். வைவாவில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். பழைய படிப்பிலிருந்து எடுங்கள். வணிகவியல் படித்தவர் கொள்முதல் பில்லையும் ஜிஎஸ்டி கணக்கையும் ஒப்பிட்டு விடுபட்டதைக் காட்டும் கருவி செய்யலாம். இயற்பியல் படித்தவர் சென்சார் அளவீட்டில் இரைச்சலை வடிகட்டலாம். "ஏன் துறை மாறினீர்கள்?" என்ற கேள்வி நேர்முகத்தில் வரும். அப்போது திரையில் அந்தக் கருவியைத் திறந்து, விடுபட்ட பில் ஒன்றை அது கண்டுபிடிப்பதை ஓட்டிக் காட்டுங்கள்.