கேட்டைப் பூட்டினால் தீராது

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக ஊரே தெருவில் நின்றபோது, காரைக்குடிப் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளியில் முதலில் செய்த காரியம் கேட்டைப் பூட்டியதுதான். பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் சைக்கிள் ஸ்டாண்டுச் சுவரேறிக் குதித்தார்கள். ஒருவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. சாவி யாரிடம் என்று தேடி, அவனை ஆட்டோவில் ஏற்றக் கால் மணி நேரம் ஆயிற்று. அன்றைக்கு அடிபட்டது போராட்டத்தில் இல்லை, எங்கள் சுவரில்.

மாணவர் போராட்டம் இந்தப் பக்கத்துக்குப் புதிதா என்ன? 1965 மொழிப்போரில் சிதம்பரத்தில் குண்டடிபட்டு இறந்த மாணவர் ராசேந்திரன் சிவகங்கைக்காரர்தான். வரும் என்று வைத்துக்கொண்டே பள்ளிகள் தயாராக வேண்டும்.

கேட்டைப் பூட்டுவதைவிடப் பெரிய தவறு, 'பதற்றமாம்' என்று காதில் விழுந்ததும் பெல் அடித்துப் பிள்ளைகளை அனுப்பிவிடுவது. கலவரமென்றால் முதலில் நிற்பது பஸ்தான். கல்லலில் இருந்து வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளை சாப்பாட்டுக் கூடையோடு பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்கும். அம்மா வேலைக்குப் போயிருப்பார். அழைத்துப்போக ஆள் வரும்வரை வகுப்பிலேயே வைத்திருப்பதுதான் பத்திரம். யார் எந்த ஊர், எந்த பஸ், யாரிடம் ஒப்படைக்கலாம் என்று ஜூனிலேயே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். நம்பரையும் அழைத்துச் சரிபாருங்கள். சிங்கப்பூரில் இருக்கும் அப்பாவின் நம்பர் மட்டும் இருந்தால் அன்றைக்கு உதவாது.

அப்புறம் இன்னொரு தவறு, பள்ளி வாயை மூடிக்கொண்டிருப்பது. 2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி கனியாமூரில் ஒரு மாணவி இறந்த சில நாளில் கூட்டம் பள்ளிக்குள் புகுந்து பேருந்துகளை எரித்தது. பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. தெரிந்ததை நாலு வரியில் பெற்றோர் குழுவில் போட்டு, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு என்றும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அந்த இடத்தை வாட்ஸ்அப் வதந்தி பிடித்துக்கொள்ளும். சான்றிதழ்களை ஸ்கேன் செய்து வேறு கட்டடத்தில் ஒரு பிரதி வைப்பதற்கு ஒரு வாரம் போதும்.

போராடிய பையன்களின் பெயரை எழுதிப் போலீசிடம் நீட்டுவதும் வேண்டாம். 18 வயது ஆகாதவர்களை லாக்கப்பில் வைக்கக் கூடாது என்கிறது 2015 இளைஞர் நீதிச் சட்டம். ஸ்டேஷனில் குழந்தைகள் நல அலுவலர் யார் என்று முன்பே கேட்டு வையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ ஸ்டாஃப் ரூமில் ஒட்டிவையுங்கள்.

சாதித் தகராறு என்றால் இன்னும் கவனம் வேண்டும். தேவகோட்டைப் பக்கம் கண்டதேவிக் கோயில் தேர், வடம் பிடிப்பதில் வந்த சாதித் தகராறால் பல வருஷம் ஓடாமல் நின்று 2024-இல் ஓடிய கதை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நாட்களில் அந்த ஊர்ப் பிள்ளையை எழுப்பி, "உங்க ஊர்ல என்னப்பா பிரச்சினை?" என்று வகுப்பு நடுவே கேட்கிற ஆசிரியரைப் பார்த்திருக்கிறேன். கேட்டவர் நல்ல மனுஷர்தான். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவன் அன்று மதியம் வேறு இடத்தில் போய் உட்கார்ந்து சாப்பிட்டான்.