சில்லறைக் குடுவையைக் காலி செய்த விதம்

நான்கு ஆண்டுகளாக மிஞ்சிய நாணயங்களையெல்லாம் போட்டு வைத்த கண்ணாடிக் குடுவை, ஒரு கையால் தூக்க முடியாத கனத்துக்கு வந்துவிட்டது. அதை அப்படியே பையில் கொட்டி வங்கிக்குக் கொண்டுபோனதுதான் நான் செய்த முதல் தவறு. பிரிக்காத சில்லறையை எண்ண ஆளில்லை என்று காசாளர் சொன்னபோது எரிச்சல் வந்தாலும், அதில் நியாயம் இருந்தது.

வீட்டில் பழைய போர்வையை விரித்து, மதிப்பு வாரியாகப் பிரித்தேன். அடியில் கிடந்தவை பிசுக்கேறி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சோப்பு கலந்த வெந்நீரில் அலசித் துடைத்த பிறகே தனித்தனியாயின. நடுவே இரண்டு சட்டைப் பொத்தான்களும் தொலைந்துபோன பெட்டிச் சாவியும் அகப்பட்டன. ஒவ்வொன்றாக எண்ணிச் சலித்த பின்னர், ஒரே வகை நாணயங்கள் ஏறத்தாழ ஒரே எடையுடையவை என்பது நினைவுக்கு வர, 100 நாணயங்களைச் சமையலறைத் தராசில் நிறுத்து, அந்த எடையையே அளவாகக் கொண்டு மீதியைப் பகுத்தேன். வெளியீடுதோறும் உலோகமும் எடையும் மாறக்கூடுமாதலால், பழையதையும் புதியதையும் கலந்து நிறுத்தால் இந்தக் கணக்குப் பொய்த்துவிடும்.

எண்ணித் தரும் இயந்திரங்களில் பல, தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பிடித்துக்கொள்வதால் அந்த வழியை விட்டுவிட்டேன். நூறு நூறாகக் கட்டி, ஒவ்வொரு பையிலும் மதிப்பையும் எண்ணிக்கையையும் எழுதி, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போனபோது, அதே காசாளர் கால் மணி நேரத்தில் சரிபார்த்துக் கணக்கில் வரவு வைத்தார். ஒரு பையில் மட்டும் ஒரு நாணயம் குறைந்திருந்தது.