மீன்தொட்டியில் பிஎச் இறங்க மாட்டேன் என்கிறதா? ஒரு வாளியை எடுங்கள்

என் தொட்டியில் பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, 8.2. இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். ‘பிஎச் டவுன்’ திரவத்தை ஊற்றினால் சாயங்காலம் 7.2 காட்டும். காலையில் எழுந்து பார்த்தால் மறுபடி 8.1. பாட்டில் காலியானதுதான் மிச்சம்.

முதலில், குறைத்தே ஆக வேண்டுமா என்று யோசியுங்கள். கப்பி, மோலி, பிளாட்டி, மலாவி ஏரி சிக்லிட் வளர்ப்பவர்களுக்கு 8 ஒரு பிரச்சினையே இல்லை. இந்தப் பதிவை மூடிவிடலாம். நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவைதான் பிஎச் குறைந்த தண்ணீரை விரும்பும் மென்நீர் மீன்கள். ஆனால் எந்த மீனாக இருந்தாலும் அமோனியாவை அளந்துவிடுங்கள். பிஎச் 7-இல் அமோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பங்குதான் விஷம். 8-இல் அது சுமார் பத்து மடங்காகிறது. அமோனியா பூஜ்யம் என்றால் அவசரமே இல்லை.

1. சரியாக அளப்பது

தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப் எனக்குப் பிடிக்காது. ஈரம் பட்டால் போச்சு. சொட்டு விடும் கிட்தான் வாங்குவேன். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: சாதாரண பிஎச் கிட் பலவற்றில் அளவு 7.6-உடன் முடிந்துவிடும். கடைசி நிறம் வந்தால் அது 7.6 ஆகவும் இருக்கலாம், 8.4 ஆகவும் இருக்கலாம். உயர் அளவுக்கென்று தனி கிட் வேண்டும். டிஜிட்டல் பேனா வைத்திருந்தால் பிஎச் முன்பே தெரிந்த பஃபர் கரைசலில் அடிக்கடி காலிபரேட் செய்யுங்கள். செய்யாத பேனா வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

2. வாளி

நான் சறுக்கியது இங்கேதான். குழாயைத் திறந்து, பிடித்த கையோடு அளந்தேன்: 7.4. தொட்டியில் 8.2. ‘ஆகா, சரளைக்கல்தான் ஏற்றுகிறது’ என்று முடிவு கட்டி, கல் முழுவதையும் அள்ளி வெளியே போட்டேன். கல்லில் குடியிருந்த நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போனது. அடுத்த வாரம் அமோனியா ஏறியது. பிஎச் மட்டும் அதே 8.2.

கல் மேல் தப்பே இல்லை. குழாயிலிருந்து வரும் தண்ணீரில், முக்கியமாக நிலத்தடி நீரில், கார்பன் டை ஆக்சைடு நிறையக் கரைந்திருக்கும். அது தண்ணீரைக் கொஞ்சம் அமிலமாக வைத்திருப்பதால் பிஎச் குறைவாகத் தெரியும். தண்ணீர் காற்றுப் பட நின்றால் வாயு வெளியேறும், உண்மையான பிஎச் தெரியவரும்.

அதனால் ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டு, 24 மணி நேரம் விடுங்கள். பிறகு அளங்கள். தொட்டியின் அளவே வாளியிலும் வந்தால் உங்கள் தண்ணீரே அப்படித்தான், நேராக 4-ஆம் பகுதிக்குப் போங்கள். வாளியில் குறைவு, தொட்டியில் அதிகம் என்றால் தொட்டிக்குள் ஏதோ கரைகிறது.

3. தொட்டிக்குள் குற்றவாளி

பவளத் துண்டு, சிப்பி, சுண்ணாம்புக்கல், மார்பிள், சிமென்ட் பொம்மை. எடுத்து வெளியே வையுங்கள். அவ்வளவுதான்.

4. தண்ணீரே காரணம் என்றால்

இங்கே பிஎச்சை மறந்துவிட்டு கேஎச்சைப் பாருங்கள். அதாவது கார்பனேட் கடினத்தன்மை. பிஎச்சைப் பிடித்து நிறுத்தி வைப்பது இதுதான். ‘பிஎச் டவுன்’ ஊற்றும்போது அமிலம் கேஎச்சின் பெரும்பகுதியான பைகார்பனேட்டைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது, பிஎச் இறங்குகிறது; இரவில் அந்த வாயு பறந்துபோனதும் பழையபடி ஏறுகிறது. விடாமல் ஊற்றினால் ஒருநாள் கேஎச் தீர்ந்து பிஎச் அதலபாதாளத்தில் விழும். மீன்களைக் கொல்வது அந்த வீழ்ச்சிதான். பாஸ்பேட் கலந்த வகைகளோ பாசிக்குத் தீனி.

உப்புகளை வடிகட்டி நீக்கிய ஆர்ஓ தண்ணீர்தான் வழி. என் கேஎச் 14. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டு ஆர்ஓ ஊற்றினேன்: 10.5, 7.9, 5.9, 4.4, ஐந்தாம் வாரம் 3.3. கேஎச் பாதியானால் பிஎச் ஏறக்குறைய 0.3-தான் குறையும், ஏமாந்துவிடாதீர்கள். எனக்கு 7.6-இல் நின்றது, டெட்ராக்களுக்கு அது போதும். மீன்களும் மெதுவாகப் பழகின. இப்போது ஒரு பங்கு குழாய்த் தண்ணீர், மூன்று பங்கு ஆர்ஓ என்று கலந்து மாற்றுகிறேன். கேஎச் 3-க்குக் கீழே விடாதீர்கள். வெறும் ஆர்ஓவிலேயே மீன் வளர்க்கவும் வேண்டாம், அதில் தாது உப்பே இல்லை.

மரக்கட்டை, பாதாம் இலை? கேஎச் 14-இல் இருக்கும்போது போட்டுப் பார்த்தேன். தண்ணீர் தேநீர் நிறமானது, பிஎச் அசையவில்லை. கேஎச்சைக் குறைத்த பிறகு போட்டால் கொஞ்சம் பலன் உண்டு.

பிற்சேர்க்கை: சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும் என்று வினிகர் விட்டுப் பார்த்தும் கல் நுரைக்கவில்லை, ஆனாலும் பிஎச் ஏறுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். வினிகர் வலுவில்லாத அமிலம், மெதுவாகக் கரையும் கல்லை அது காட்டிக்கொடுக்காமல் போகலாம். கல்லை ஒரு வாரம் ஆர்ஓ தண்ணீரில் ஊறப்போட்டு கேஎச் அளங்கள். ஏறியிருந்தால் அந்தக் கல்தான்.

மறுபடியும்: காலையில் 7.4, மாலையில் 8 என்று இன்னொருவர். தொட்டி நிறையச் செடியாம். பகலில் செடிகள் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வதால் வரும் ஏற்றம் அது. தினமும் ஒரே நேரத்தில் அளங்கள். நான் விளக்குப் போடும் முன்பே அளந்துவிடுவேன்.